'ஐ ஆம் கோ' எங்கிருந்து வருகிறது? இந்திக்காரர்களும் ஆங்கிலத் துணைவினையும்

செப்டம்பர் 2, கேள்வி

ஒரு சந்தேகம். தமிழில் துணைவினை எல்லாம் வினையோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது, 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று ஒரே மூச்சில். இந்தியில் ஹை, ஹூன், தா, ரஹா என்று தனித்தனியாக நிற்கிறது, ஆங்கிலத்தில் இஸ், ஆம், வாஸ் நிற்கிற மாதிரியே. அப்படியானால் நம்மைவிட இந்திக்காரர்களுக்குத்தானே ஆங்கிலத் துணைவினை சுலபமாக வரவேண்டும்? என் ஆபீஸில் ஒரு கான்பூர்ப் பையன், பட்டதாரி, 'ஐ ஆம் கோ டு பேங்க்' என்கிறான். 'மை பிரதர் இஸ் லிவ் இன் நொய்டா' என்கிறான். சோம்பேறித்தனமா, வேறு காரணம் உண்டா? வடக்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

செப்டம்பர் 2, இரவு 10.50, பதில்

சோம்பேறித்தனம் இல்லை. நீங்கள் சொல்கிற அந்த ஒற்றுமைதான் காலை வாரிவிடுகிறது.

நான் டெல்லியில் 23 வருஷமாக இருக்கிறேன், மயூர் விஹார் பக்கம். எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில், இங்கே பர்சாத்தி என்று சொல்கிற அறையில், மூன்று பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள், கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் பலியா, காஜிபூர் பக்கத்துப் பிள்ளைகள், மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன், அவர்கள் என் காஸ் சிலிண்டரை மூன்று மாடி தூக்கித் தருகிறார்கள். கணக்கு நேராகிவிடுகிறது. அதனால் இந்த 'ஐ ஆம் கோ'வை வாராவாரம் கேட்கிறேன்.

'வோ பேங்க் ஜாத்தா ஹை.' இதில் வோ என்றால் ஹி. ஜாத்தா என்றால் கோ. ஹை என்றால் இஸ். பையன் ஒரு சொல்லையும் விடாமல் நேர்மையாக மாற்றினான், 'ஹி இஸ் கோ' வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பில் 'யஹ் கிதாப் ஹை, திஸ் இஸ் எ புக்' என்று படித்திருக்கிறான், ஹை என்றால் இஸ் என்று அன்றைக்கே மனசில் ஆணி அடித்தாகிவிட்டது. ஆனால் ஹைக்கு இரண்டு வேலை. 'கிதாப் ஹை' என்னும்போது அதுவே முழு வினை. 'ஜாத்தா ஹை' என்னும்போது அது வாக்கியத்தின் கடைசியில் குத்துகிற காலமுத்திரை, அவ்வளவுதான். ஜாத்தா என்பது தனியாக ஒரு முழுவினை இல்லை, 'போகிறவன்' மாதிரி ஒரு எச்சம். 'வோ ஜாத்தா ஹை' என்பதை அப்படியே பிரித்துப் போட்டால் 'அவன் போகிறவனாய் இருக்கிறான்' என்று வரும். முத்திரை இல்லாமல் 'வோ ஜாத்தா' என்று நிறுத்தினால் இந்திக் காதுக்கு வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். அதனால் 'ஹி கோஸ்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் அவனுக்கு ஏதோ பாக்கி வைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஒரு இஸ்ஸைத் தேடி எடுத்துச் செருகுகிறான்.

நமக்கு அந்த அரிப்பு இல்லை. 'இது புத்தகம்' என்பதில் இஸ்ஸே கிடையாது. 'போகிறான்' என்பதில் காலமும் ஆளும் உள்ளேயே இருக்கிறது, தொங்குவதற்கு ஒன்றும் இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் செய்கிற தப்பு வேறு ரகம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

செப்டம்பர் 3, காலை

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. எதிர்மறையில் ஹை காணாமல் போய்விடும், அதை மறந்துவிட்டேன். 'வோ ஜாத்தா ஹை', ஆனால் 'வோ நஹீ ஜாத்தா'. நஹீ வந்தால் ஹை பெரும்பாலும் கழன்றுகொள்ளும், வாக்கியமும் தொங்காது.

இன்று பையன்களின் பழைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். உடன்பாட்டு வாக்கியத்தில் 'ஹி இஸ் கோ', அதே பக்கத்தில் எதிர்மறையில் 'ஹி நாட் கோ'. இஸ் இல்லை! அதாவது தப்பிலும் ஒழுங்கு இருக்கிறது, இந்தியில் ஹை விழுகிற இடத்தில் ஆங்கிலத்தில் இஸ் விழுந்திருக்கிறது. இத்தனை நாள் இவனுக்குக் கவனம் போதவில்லை என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். கவனம் போதாதது எனக்குத்தான்.

செப்டம்பர் 5

இங்கே இந்தி மீடியத்தில் ஆங்கிலம் எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். வாக்கியத்தின் வாலைப் பிடித்து. 'பெஹ்சான்' என்று ஒரு கட்டம் போடுவார்கள், அடையாளம் என்று அர்த்தம். வாக்கியம் த்தா ஹை, த்தீ ஹை, த்தே ஹைன் என்று முடிந்தால் சாதா நிகழ்காலம். ரஹா ஹை, ரஹீ ஹை, ரஹே ஹைன் என்று முடிந்தால் இஸ், ஆம், ஆர் போட்டு வினைக்கு ஐஎன்ஜி ஒட்டு. சுக்கா ஹை, சுக்கீ ஹை என்று முடிந்தால் ஹேஸ், ஹேவ், கூடவே வினையின் மூன்றாம் உருவம். கா, கீ, கே என்று முடிந்தால் வில். டெல்லி முகர்ஜி நகர் கோச்சிங் தெருவிலும் இதைத்தான் பாட்டு மாதிரி சொல்வார்கள்.

நான் முதலில் இதைக் கேலி செய்தேன். ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்த பிறகு கேலி குறைந்துவிட்டது, ஏனென்றால் ரஹா ஹை வரிசை உண்மையிலேயே வேலை செய்கிறது. 'ஜா ரஹா ஹை' என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'இஸ் கோயிங்'. மூன்று பையன்களில் ஒருவன்கூட இதில் தப்புவதில்லை. தமிழில் 'போகிறேன்' என்று ஒன்றைச் சொல்லி 'தினமும் போகிறேன்', 'இதோ போகிறேன்', 'நாளைக்குப் போகிறேன்' மூன்றையும் ஓட்டிவிடுகிறோம். இந்திக்காரனுக்கு ஜாத்தா ஹூனும் ஜா ரஹா ஹூனும் தாய்ப்பால் குடிக்கும்போதே தனித்தனி. ஆகவே உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. போன மாதம் பூங்காவில் ஒரு கிழவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பையனிடம் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். இந்தியில் 'வோ பைட்டே ஹைன்'. வால் ரஹா ஹை இல்லை, முடிந்த வினையும் ஹையும்தான் இருக்கிறது. சூத்திரப்படி 'ஹி ஹேஸ் சாட்'. ஆங்கிலத்தில் 'ஹி இஸ் சிட்டிங்' என்றுதான் வரும். 'பைட் ரஹா ஹை' என்று இந்தியில் சொன்னால் அவர் இப்போதுதான் முழங்காலை மடக்கி உட்காரப் போகிறார் என்று ஆகிவிடும். நிற்பது, படுத்திருப்பது எல்லாம் இதே கதை. உடம்பு ஒரு நிலைக்கு வந்து அப்படியே இருக்கிறது என்பதை இந்தி 'ஆகி இருக்கிறது' என்று பார்க்கிறது, ஆங்கிலம் 'நடந்துகொண்டிருக்கிறது' என்று பார்க்கிறது.

தமிழும் இந்தப் பக்கம்தான், கவனித்தீர்களா? 'உட்கார்ந்திருக்கிறார்', 'நின்றிருக்கிறார்', 'படுத்திருக்கிறார்'. நாமும் 'உட்கார்ந்துகொண்டிருக்கிறார்' என்று சில சமயம் சொல்கிறோம், ஆனால் அது கட்டாயம் இல்லை.

செப்டம்பர் 6

ஒரு சிரிப்பு. டூ எப்போது, டஸ் எப்போது என்று போன வருஷம் ஒருவனிடம் கேட்டேன். யோசிக்காமல் சொன்னான்: 'லட்கே கே லியே டூ, லட்கீ கே லியே டஸ்.' பையனுக்கு டூ, பெண்ணுக்கு டஸ்.

சிரித்துவிட்டு யோசித்தால் அவன் மொழியில் வினை ஜாத்தா, ஜாத்தீ என்று ஆண், பெண் பார்த்துத்தான் மாறுகிறது. ஆங்கில வினை இரண்டு உடை மாற்றுகிறது என்று சொன்னதும் அவன் அதையே எதிர்பார்த்தான். தமிழில் போகிறான், போகிறாள் என்று சொல்கிற நமக்கும் இது தோன்றியிருக்கலாம். தோன்றியதாக நினைவில்லை.

செப்டம்பர் 9

டூ பற்றி விரிவாக எழுதச் சொன்னதால் இது நீளும்.

இந்தியில் டூவுக்கு ஜோடியே கிடையாது. கர்னா என்றால் செய்தல், அது முழு வினை, கேள்விக்கும் மறுப்புக்கும் அதை இழுத்துவர மாட்டார்கள். தமிழிலும் கிடையாது. ஆங்கிலத்திலேயே ஒரு காலத்தில் இது கட்டாயமாக இருக்கவில்லை, 1611-ல் வந்த ஆங்கில பைபிளில் 'ஐ டூ நாட் நோ' என்கிற இடத்தில் 'ஐ நோ நாட்' என்றுதான் இருக்கும். இதைச் சொன்னபோது காஜிபூர்ப் பையன் 'அப்படியென்றால் நான் 400 வருஷம் லேட்டாகப் பிறந்துவிட்டேன்' என்றான்.

கேள்வி கேட்பதில் இந்திக்காரனுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு வாக்கியத்தின் தலையில் 'க்யா' போடுவார்கள். 'க்யா தும் சாய் பியோகே?' நீ டீ குடிப்பாயா? நாம் கடைசியில் ஓர் 'ஆ'வை ஒட்டுவதை அவர்கள் முதலில் ஒரு சொல்லாக வைக்கிறார்கள். ஆனால் அதே க்யாவை நடுவில் வைத்தால் 'என்ன' என்று அர்த்தம், 'தும் க்யா பியோகே?' என்ன குடிப்பாய்? க்யா என்றால் வாட் என்று படித்தவன் முதல் கேள்வியை 'வாட் யூ வில் டிரிங்க் டீ?' என்கிறான். கேட்பவன் டீயா வாட்டா என்று முழிக்கிறான். அதைத் தாண்டியவர்கள் க்யாவை விட்டுவிட்டுக் குரலை மட்டும் ஏற்றி 'யூ வில் டிரிங்க் டீ?' என்கிறார்கள். அது இந்தியா முழுக்கச் செல்லுபடியாகிற நாணயம், நானும் அப்படித்தான் கேட்பேன்.

இனி 'ஹி டஸ் நாட் கோஸ்'. இதற்கு நான் எத்தனையோ விதமாகத் தலைகீழாக நின்று பார்த்தேன். டஸ் வந்தால் வினையின் முதல் உருவம் என்று சூத்திரம் சொல்வேன், தலையாட்டுவார்கள், அடுத்த வாக்கியத்தில் கோஸ் வரும். கடைசியில் சாவி என்று சொல்ல ஆரம்பித்தேன். வீட்டுக்கு ஒரே சாவி. 'ஹி கோஸ்' என்பதில் வீட்டில் ஒரே ஆள்தான், கோ, அதனால் எஸ் என்கிற சாவி அவன் இடுப்பில். கேள்வியோ மறுப்போ வந்ததும் வாசலில் நிற்க டூ என்று ஓர் ஆள் வருகிறான், சாவி அவன் கைக்குப் போகிறது, டூ டஸ் ஆகிறான், கோ வெறுங்கையோடு உள்ளே போய்விடுகிறான். இறந்தகாலமும் அப்படித்தான், 'வென்ட்' என்பதில் சாவி உள்ளே கரைந்திருக்கிறது, 'டிட்' வந்தால் சாவி அங்கே போய்விடும், இங்கே கோதான் மிச்சம். இஸ், ஹேவ், வில் இருக்கிற வீட்டில் வாசலில் ஏற்கெனவே ஆள் இருப்பதால் டூவைக் கூப்பிட வேண்டியதில்லை.

இது பாதிதான் பிடித்தது. முழுசாகப் பிடித்தது செப்டம்பர் 3-ல் எழுதினேனே, அந்த ஹை விழுகிற சமாசாரத்தை வைத்து. 'லட்கியா ஜாத்தீ ஹைன்', பெண்கள் போகிறார்கள். ஹைனில் இருக்கிற மூக்கொலிதான் பன்மை. நஹீ வந்து ஹைன் விழுந்தால் அந்த மூக்கொலி என்ன ஆகும்? ஜாத்தீ மேல் ஏறிக்கொள்ளும், 'லட்கியா நஹீ ஜாத்தீன்'. பையன்கள் இதைப் பிறந்ததிலிருந்து சொல்கிறார்கள், ஒருநாளும் கவனித்ததில்லை. 'பார், ஹைன் இருந்தால் சாவி அதனிடம், ஹைன் போனால் சாவி ஜாத்தீயிடம். இரண்டு பேரிடமும் ஒரே நேரத்தில் இருக்குமா?' என்றேன். பலியாப் பையன் ஐந்து நிமிஷம் பேசவே இல்லை. 'லட்கியா ஜாத்தீன் ஹைன்' என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான், முகத்தைச் சுளித்தான். அதற்கப்புறம் டஸ் கோஸ் குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது.

செப்டம்பர் 10

'பாபா ஆர் கமிங்', 'சர் ஆர் டீச்சிங்'. ஒரே அப்பா, ஒரே சார். 'பாபா ஆ ரஹே ஹைன்' என்று மரியாதைக்குப் பன்மை போட்டுப் பழகிய வாய் அது. இஸ் என்று சொன்னால் அப்பாவை வாடா போடா என்று சொன்ன மாதிரி கூசுகிறதாம். இதை நான் திருத்துவதில் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கிறேன்.

செப்டம்பர் 14

'ஐ ஹேட் கான் டு மார்க்கெட் எஸ்டர்டே.' இது இந்திக்காரர்களின் சொத்து என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதி சரி.

இந்தியில் 'மை கல் பஜார் கயா தா'. கயா, கூடவே தா. தா என்றால் இருந்தது, அதனால் ஹேட். இந்தியில் இந்தத் தா எதற்கு வருகிறது என்றால், அந்தக் காரியம் முடிந்து கதவைச் சாத்தியாயிற்று என்று காட்ட. 'வோ கான்பூர் கயா ஹை' என்றால் ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறான். 'கயா தா' என்றால் போய்விட்டுத் திரும்பியாயிற்று. ஆங்கில ஹேட் அப்படிப்பட்டதில்லை, அதற்கு ஜோடியாக இன்னொரு பழைய சம்பவம் வேண்டும், ரயில் கிளம்புமுன் நான் சாப்பிட்டிருந்தேன் என்கிற மாதிரி. தனியாக நேற்று என்று சொன்னால் வென்ட் போதும்.

முதலில் நான் இதற்கு ஒரு அழகான காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். இந்தியில் கல் என்றால் நேற்றும்தான், நாளையும்தான். பர்சோன் என்றால் முந்தாநாளும்தான், நாளை மறுநாளும்தான். சொல் இப்படி இரண்டு பக்கமும் பார்ப்பதால், எந்தப் பக்கம் என்று காட்ட வினைக்குப் பின்னால் ஒரு தாவை அழுத்திக் குத்துகிறார்கள் என்று. நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும்விட்டேன். ஒருநாள் மாடிப்படி ஏறும்போது தோன்றியது, 'கல் கயா' என்றாலே இறந்தகாலம் தெரிந்துவிடுகிறதே, தா எதற்கு? என் காரணம் அங்கேயே படியில் உருண்டுவிட்டது.

பாதி சரி என்று ஏன் சொன்னேன்? தமிழைப் பாருங்கள். 'நேற்று கோயிலுக்குப் போயிருந்தேன்.' போய், இருந்தேன். அதே கதவு சாத்துகிற வேலை. என்னுடைய பழைய லீவு லெட்டர் நகல்களை எடுத்துப் பார்த்தேன். 'ஐ ஹேட் கான் டு மை நேட்டிவ் பிளேஸ்', 'ஐ ஹேட் அப்ளைட் ஃபார் லீவ்', 'ஐ ஹேட் சப்மிட்டட்'. ஏழு லெட்டரில் ஆறில் ஹேட். ஒரு அதிகாரியும் திருத்தியதில்லை, அவர்களுக்கும் அது அழகாகவே தெரிந்திருக்கும். ஆகவே இந்தச் சொத்தில் நமக்கும் பங்கு உண்டு, பத்திரத்தில் இரண்டு பெயர்.

செப்டம்பர் 15

ஹேவ் முழு வினையாக வரும்போது இந்திக்காரர்கள் திணறுவார்களே என்று கேட்டவருக்கு: ஆமாம், ஏனென்றால் இந்தியில் அப்படி ஒரு வினையே இல்லை. கார் இருந்தால் 'மேரே பாஸ்', அண்ணன் தம்பி இருந்தால் 'மேரே', காய்ச்சல் இருந்தால் 'முஜே', எல்லாவற்றுக்கும் கடைசியில் ஹைதான். தமிழும் இதேதான், என்னிடம் கார், எனக்கு இரண்டு தம்பி, எனக்குக் காய்ச்சல். காய்ச்சலுக்கு அவர்கள் சொல்வது புக்கார். முதல் வருஷம் ஒருவன் 'முஜே புக்கார் ஹை' என்றபோது யார்மேல் புகார் என்று கேட்டேன். அவன் மறுநாள் ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஃபீவர்' என்றான், கணக்கு சரியாயிற்று.

ஆனால் 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பதற்கு எல்லோரும் இந்தியைப் பழி சொல்கிறார்கள், அது எனக்கு ஒப்பவில்லை. 'மேரே தோ பாயி ஹைன்' என்பதில் ரஹா எங்கே இருக்கிறது? இந்தியின் வாலைப் பிடித்துப் போனால் ஹேவிங் வராது. ஐஎன்ஜி போட்டால்தான் ஆங்கிலம் மாதிரி இருக்கிறது என்று கற்றுக்கொண்டுவிட்டதால் வருவது என்று நினைக்கிறேன். தமிழ், இந்தி இரண்டு பேரும் செய்கிறார்கள், இரண்டு பேர் தாய்மொழியும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, பிறகு

சாஹியே பற்றி எழுத மறந்தேன், எனக்கு மிகவும் பிடித்த இடம்.

'முஜே பானீ சாஹியே' என்றால் எனக்குத் தண்ணீர் வேண்டும், ஐ வான்ட். 'முஜே ஜானா சாஹியே' என்றால் நான் போகவேண்டும், ஐ ஷுட் கோ. பெயரோடு வந்தால் ஆசை, வினையோடு வந்தால் கடமை. நம்முடைய வேண்டும் அச்சு அசல் இதே ஆள்! ஆனால் நம்மிடம் ஒரு நுணுக்கம் கூடுதல். 'நான் போகணும்' என்றால் கடமை. 'எனக்குப் போகணும்' என்றால் ஆசை. ஒரு நான், எனக்கு மாற்றத்தில் வான்ட், மஸ்ட் இரண்டையும் பிரித்துவிடுகிறோம். இந்தியில் இரண்டுக்கும் முஜேதான், அதனால் அவர்கள் வினையைத்தான் மாற்றியாக வேண்டும். 'முஜே ஜானா ஹை', போகவேண்டியிருக்கிறது, ஐ ஹேவ் டு கோ. 'முஜே ஜானா படேகா', வேறு வழியில்லை, போய்த்தான் ஆகவேண்டும், ஐ வில் ஹேவ் டு கோ. படேகாவின் அடிச்சொல்லுக்கு விழுதல் என்று அர்த்தம், கட்டாயம் தலையில் வந்து விழுகிறது.

சூத்திர நோட்டில் ஷுட் ஒரு கட்டம், மஸ்ட் ஒரு கட்டம் என்று இருக்கும், பையன்களுக்குக் குழம்பும். நான் நோட்டை மூடிவிட்டு, 'அம்மா போனில் கூப்பிட்டு ஊருக்கு வா என்கிறாள், பரீட்சை பத்து நாளில். இப்போது என்ன சொல்வாய்?' என்று கேட்டால் சாஹியே, ஹை, படேகா மூன்றையும் சரியான இடத்தில் வைத்துச் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஆங்கிலத்தைப் பக்கத்தில் எழுதிக்கொள்வதுதான் பாக்கி.

செப்டம்பர் 18

'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்.' இந்தியில் 'தோ சால் சே', '2019 சே', இரண்டுக்கும் ஒரே சே. ஃபாரும் சின்ஸும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. தமிழில் 'இரண்டு வருஷமாக', '2019-லிருந்து' என்று பிரித்தே வைத்திருக்கிறோம். நாம் இதில் தப்பவே கூடாது. ஆனாலும் தப்புகிறோம், காரணம் கேட்காதீர்கள். ஹேவ் பீனை விட்டு ஆம் போடுவது மட்டும் இரண்டு பேருக்கும் பொது, இந்தியில் 'ரஹ் ரஹா ஹூன்', தமிழில் 'இருக்கிறேன்', இரண்டும் நிகழ்காலம்தானே.

செப்டம்பர் 21

இத்தனை நாள் 'இந்திக்காரர்' என்று பொதுவாக எழுதியதற்கு என் பையன்களே ஆட்சேபம் தெரிவித்தார்கள். வீட்டில் பேசுவது போஜ்புரி. அங்கே நான் என்பதற்கு மை கிடையாது, ஹம்தான், 'ஹம் ஜாத் பானீ' என்றால் நான் போய்க்கொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் இந்தி பேசும்போதும் 'ஹம் ஜா ரஹே ஹைன்' என்பார்கள், ஒரே ஆளாக நின்றுகொண்டு. ஹம் என்றால் வீ என்று புத்தகம் சொல்கிறது. பலியாப் பையன் ஒரு நேர்முகத்தேர்வில் 'வீ ஆர் கிராஜுவேட்' என்று சொல்ல, கேட்டவர் திரும்பிப் பார்த்து 'யார் இன்னொருவர்?' என்றாராம். தப்பு இந்தியிலிருந்து வந்தது என்று நான் அடித்துச் சொன்ன பல இடத்தில் இந்தியே அவர்களுக்கு இரண்டாவது மொழி.

இதில் எனக்கு ஒரு ஆறுதல் உண்டு. நான் சின்ன வயசில் ஊரில் இந்தி பிரச்சார சபாப் பரீட்சைகள் எழுதியவன். 'மைனே ரோட்டீ காயீ', ரொட்டியை நான்தான் தின்றேன், வினை மட்டும் ரொட்டி பெண்பால் என்பதற்காகக் காயீ ஆகிறது. இந்த நே என்கிற எழவு எனக்கு இன்றுவரை வாயில் வழுக்கும், 'மை ரோட்டீ காயா' என்றுதான் வரும். போஜ்புரியிலும் நே இல்லை. அதனால் அவர்களும் என்னைப் போலவே நேயை விழுங்குகிறார்கள். மாடியில் நாலு பேருமாக டெல்லிக்காரன் கண்ணில் தப்பும் தவறுமாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

செப்டம்பர் 22

பையன்கள் எழுதுகிற எஸ்.எஸ்.சி. பரீட்சை பற்றிக் கேட்டவருக்கு. முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண், தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் கழிவு. பிழையைக் கண்டுபிடி என்று ஒரு ரகம் வரும். விசித்திரம் என்னவென்றால் 'ஹி டிட் நாட் வென்ட்' என்று தாளில் கொடுத்தால் மூன்று பேரும் இரண்டு நொடியில் வட்டம் போடுவார்கள். பேனாவை மூடிவைத்துவிட்டுக் கீழே வந்து, 'சர், மில்க்மேன் டிட் நாட் கேம்' என்பார்கள். கண் ஒரு பள்ளியில் படித்திருக்கிறது, நாக்கு இன்னொன்றில். கோச்சிங்கில் கண்ணுக்கு மட்டும்தான் பாடம், நாக்குக்கு அங்கே மார்க் இல்லை.

அக்டோபர் 8

கொஞ்ச நாள் எழுதவில்லை, ஊருக்குப் போயிருந்தேன்.

முதல் கேள்விக்கே திரும்பினால், யாருக்குச் சுலபம்? இந்திக்காரனுக்கு ஐஎன்ஜி இடம் தெரியும், ஹை இருப்பதால் இல்லாத இடத்திலும் இஸ் போடுவான். நமக்கு இஸ் அரிப்பு இல்லை, ஆனால் போகிறேனை வைத்துக்கொண்டு கோ, கோயிங் இரண்டையும் மாற்றிப் போடுவோம், 'டெய்லி ஐ ஆம் கோயிங் பை பஸ்' என்று. டூ இரண்டு பேருக்கும் அந்நியன், ஹேட் இரண்டு பேருக்கும் செல்லப்பிள்ளை. கான்பூர்ப் பையனிடம் ஹைக்கு இரண்டு வேலை என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், மற்றது தானாக வரும். தானாக வராது, சும்மா சொன்னேன். ஆனால் அங்கிருந்து தொடங்குங்கள்.

அக்டோபர் 11, இரவு

இப்போது நடந்தது. பலியாப் பையன் வாட்ஸாப்பில் ஆங்கிலத்தில் கேட்டிருந்தான்: 'சர், டிட் யூ ஏட் டின்னர்?' டிட் சரியான இடத்தில் நிற்கிறது, சாவி மட்டும் இரண்டு பேரிடமும். சிரித்துக்கொண்டே பதில் போட்டேன்: 'யெஸ், ஐ ஹேட் ஈட்டன்.'

அரை நிமிஷத்தில் பதில் வந்தது, இந்தியில். 'சர், இந்த ஹேட்டுக்கு ஜோடி சம்பவம் எங்கே?'

மொட்டைமாடியிலிருந்து மூன்று பேர் சிரிக்கிற சத்தம் இங்கே வரை கேட்கிறது. நாளைக்கு சிலிண்டர் வேறு வருகிறது.